வாசகர் கேள்வி பதில்: நூலகத்தில் முதலில் கேட்க வேண்டியது

கேள்வி: எங்கள் கிளை நூலகத்தை நவீனப்படுத்தப் போகிறார்கள். கணினி, வைஃபை, குளிரூட்டி என்று பட்டியல் நீள்கிறது. வாசகர்களாகிய நாங்கள் முதலில் எதைக் கேட்பது?
– ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: நூற்பட்டியலைக் கேளுங்கள். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியே சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி செலுத்துகிறோம் என்பதால், கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மாவட்ட மைய நூலகத்தில் எந்த நூல் இருக்கிறது, கிளையில் எது இருக்கிறது என்று வீட்டிலிருந்தே தமிழில் தேடிப் பார்க்க வழி செய்யாமல் குளிரூட்டி மட்டும் பொருத்தினால், வாசகருக்கு நல்ல தூக்கம் கிடைக்கும். நூற்பட்டியலைக் கணினியில் பராமரிக்க உதவும் கோஹா போன்ற கட்டற்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைப்பதால், செலவு மென்பொருளுக்கு அன்று, பதிவு செய்யும் ஆள்களுக்கே. முன்னெழுத்தையும் புனைபெயரையும் ஒரே முறையில் பதியாவிட்டால் ஓர் எழுத்தாளர் நான்கு பெயர்களில் சிதறிக் கிடப்பார்.

கேள்வி: வெளிநாட்டுத் தீவிர வலதுசாரிகள் குடியேறிகளைப் பற்றிப் பரப்பும் கருத்துகளை வடமாநிலத் தொழிலாளர் மீது பொருத்தி, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருவர் ஓயாமல் எழுதுகிறார்கள், பலரும் அவர்களையே நம்புகிறார்கள். நூலகத்தால் என்ன செய்ய முடியும்?
– ஒரு கல்லூரி மாணவி, ஏற்காடு

பதில்: அந்த இருவரும் பதவியால் தலைவர்கள் ஆனவர்கள் அல்லர், மற்றவர்களுக்காகப் படித்துச் சொல்பவர்கள் என்ற பெயரால் ஆனவர்கள். 1940ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் சமூகவியலாளர் பால் லசார்ஸ்ஃபெல்டும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வு, வானொலியையும் நாளிதழையும்விட, அவற்றைக் கூர்ந்து கவனித்த தெரிந்தவர்களின் பேச்சே வாக்காளர்களை அதிகம் அசைத்தது என்று கண்டது. தீவிர வலதுசாரிகள் இணையத்தில் பிடிக்கும் இடம் இதுதான்: ஊடகங்கள் மறைத்ததைத் தாம் சொல்வதாகத் தொடங்குவார்கள்; ஆதாரம் கேட்டால் அடுத்த படத்தை அனுப்புவார்கள். ஐரோப்பியரின் இடத்தைக் குடியேறிகள் பறித்துக்கொள்கிறார்கள் என்னும் சதிக்கதையும் இவ்வாறு பரவியதே. 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் தன் அறிக்கைக்கு அதையே தலைப்பாக வைத்தான். நமக்கும் இது தொலைவில் நடப்பதன்று. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் போலிக் காணொளிகள் பரவி, காவல்துறை மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது.

நூலகர் உங்கள் குழுவில் இறங்கி வாதிடத் தேவையில்லை. யாரேனும் ஓர் எண்ணைச் சொன்னால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏட்டில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை, என்று எடுத்துக் காட்ட ஒரு மேசையும் ஓர் ஆளும் வேண்டும். (சேர்வராயன் மலைப் பனியில் அந்த ஏடுகள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஈரப்பதத்தைக் குறைக்கும் கருவியும் வேண்டும், கணினியைவிட அதுவே அவசரம்.) அந்தப் பக்கத்தைப் படமெடுத்து நீங்களே குழுவில் இடுங்கள். அந்த இருவரும் மாற மாட்டார்கள். வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு அது பயன்படும்.

நூல் தேர்வையும் கவனியுங்கள். பிரான்சின் ஒராஞ்ஜ் நகராட்சியை 1995இல் தீவிர வலதுசாரிக் கட்சி கைப்பற்றியபின், நகர நூலகம் எதை வாங்கலாம் என்பதில் நிர்வாகம் தலையிட்டது அரசின் ஆய்வில் வெளிப்பட்டது. எனவே வாங்கிய நூல்களையும், மறுத்த நூல்களையும், மறுத்த காரணத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். அந்த இருவர் பரிந்துரைக்கும் நூல்களுக்கும் அதே விதி பொருந்த வேண்டும்.