அகச்சிவப்பை உறிஞ்சும் தெளிபசை: கேள்வி பதில்

கேமரா, சென்சார், திரை ஆகியவற்றின் கண்ணாடிகளை ஒட்டும் தெளிவான பசையிலேயே அகச்சிவப்பை உறிஞ்சும் பொருளைக் கலப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, கோவையில் லென்ஸ் ஒட்டும் வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். எத்தனை நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைத் தடுக்க வேண்டும் என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட்டால் உங்களுக்கும் எனக்கும் நேரம் மிச்சமாகும்.

கேள்வி (திருப்பூர்): ஐயா, துணியில் குறை பார்க்கும் கேமரா ஒன்றை அமைத்திருக்கிறோம். கருப்புப் பாலியஸ்டர் துணி மட்டும் படத்தில் செம்பழுப்பாக விழுகிறது. முன்கண்ணாடியை இந்தப் பசையால் ஒட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகும். காரணத்தை அறிந்து ஒட்டுங்கள். நம் கண் சுமார் 700 நானோமீட்டரோடு நின்றுவிடுகிறது. சிலிக்கான் சென்சாரோ 1100 வரை பார்க்கிறது. உங்கள் துணியின் கருப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே விழுங்கி, அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. அதைச் சென்சார் சிவப்பு என்று கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. 2006இல் வந்த லைகா எம்8 கேமராவில் கருப்புச் செயற்கை இழைத் துணிகள் கருஞ்சிவப்பாக விழுந்ததும், அந்நிறுவனம் வாங்கியவர்களுக்கு வடிகட்டிகளை இலவசமாகக் கொடுத்ததும் இதனால்தான்.

பசையால் இன்னொரு லாபமும் உண்டு. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி திரும்பிவிடும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, அக்ரிலிக் பசையினுடையது 1.48 அளவில் இருப்பதால், ஒட்டிய பரப்பில் அந்த இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

பசையின் கனத்தில் மட்டும் கை பிசகக் கூடாது. 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் 10 சதவீத அகச்சிவப்பு கடந்து போனால், 100 மைக்ரானில் 1 சதவீதம்தான் கடக்கும். 25 மைக்ரானாக நசுங்கிய ஓரத்திலோ 32 சதவீதம் கடந்துவிடும். நடுவில் கருப்பாகவும் ஓரத்தில் செம்பழுப்பாகவும் படம் வந்தால் சாயத்தைக் குறை சொல்லாமல், அழுத்திய விதத்தைப் பாருங்கள்.

கேள்வி (பெருந்துறை, சாயப்பட்டறை): எங்களிடம் எல்லாக் கருப்புச் சாயமும் இருக்கிறது. அதையே பசையில் கரைத்தால் என்னங்க?

பதில்: மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். உங்கள் சாயம் தடுக்க வேண்டியதை விட்டுவிட்டு, விட வேண்டியதைத் தடுக்கும். இங்கே தேவைப்படுவது அதற்கு நேர் எதிரான குணம். 1000 நானோமீட்டரைச் சுற்றி அகலமாக உறிஞ்சுவதற்கு டைஇம்மோனியம் சாயங்கள், அதற்குக் கீழே 700 முதல் 900 வரை தாலோசயனின், சயனின் வகைகள், இவற்றோடு தாமிர அயனிச் சேர்மங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முழுக்க நிறமற்றது எதுவும் இல்லை. டைஇம்மோனியம் லேசான பழுப்பையும் தாலோசயனின் லேசான பச்சையையும் விட்டுச் செல்லும்.

கேள்வி (ஈரோடு): எந்தப் பிராண்ட் நல்லது?

பதில்: எத்தனை நானோமீட்டர்?

கேள்வி (பொள்ளாச்சி, பள்ளி ஆசிரியர்): மாணவர்களுக்கு எளிதாகக் காட்ட வழி உண்டா?

பதில்: இதற்குப் பதில் எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி. இரண்டு விரல் அகலமுள்ள கண்ணாடிப் புட்டியில் தண்ணீரை நிரப்பி, அதன் பின்னால் டிவி ரிமோட்டின் பொத்தானை அழுத்திக்கொண்டு, செல்பேசியின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். ரிமோட் முனையில் வெளிறிய ஊதா ஒளி துடிப்பது தண்ணீருக்குள்ளேயும் தெரியும். பிறகு அதே தண்ணீரில், போர்டோ கலவைக்குத் தோட்டக்காரர்கள் வாங்கும் மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்பேட்டை, கெட்டியாகக் கரையுங்கள். புட்டிக்குப் பின்னாலுள்ள எழுத்து நீலமாகப் படிக்கக் கிடைக்கும். ரிமோட்டின் ஒளி மட்டும் காணாமல் போய்விடும். விழுங்கியது தாமிர அயனி. ஒளியியல் கடைகளில் கிடைக்கும் நீல வடிகட்டிக் கண்ணாடியிலும் அதே அயனிதான் பாஸ்பேட் கண்ணாடிக்குள் இருக்கிறது. மயில்துத்தம் நஞ்சு, புட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி (குறிச்சி): வெல்டிங் கண்ணாடியிலும் லேசர் வெட்டும் இயந்திரத்தின் பார்வைச் சன்னலிலும் பூசலாமா?

பதில்: கூடாது. ஃபைபர் லேசர் 1060 நானோமீட்டரை ஒட்டி வேலை செய்கிறது. உறிஞ்சிய ஒளி முழுவதும் வெப்பமாக மாறி, பசை கருகி, அந்த இடத்தில் ஓட்டை விழும். சான்று பெற்ற பாதுகாப்புக் கண்ணாடியை வாங்குங்கள்.

கேள்வி (பீளமேடு): அண்ணா, கண்ணாடிமேல் பல அடுக்குக் கோட்டிங் போட்டால் அகச்சிவப்பு திரும்பிவிடுமே. சாயம் எதற்கு?

பதில்: தம்பி, கோட்டிங்கின் வெட்டு, அதாவது ஒளியை விடுவதிலிருந்து தடுப்பதற்கு மாறும் இடம், செங்குத்தாக விழும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒளி 30 பாகை சாய்ந்து வந்தால் 650 நானோமீட்டரில் இருந்த வெட்டு இருபது நானோமீட்டருக்கும் அதிகமாகக் கீழே இறங்கிவிடும். படத்தின் நடுவில் ஒரு நிறமும் மூலையில் வேறொரு நிறமும் வரும். சாயத்துக்கு அந்தச் சாய்வுச் சிக்கல் இல்லை.

மீண்டும் பீளமேடு: என் இயந்திரத்தில் டெலிசென்ட்ரிக் லென்ஸ். ஒளி நேராகத்தான் வருகிறது. மேலும் கோட்டிங் வெளுப்பதில்லை, சாயம் வெளுக்கும்.

பதில்: லென்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் கோட்டிங் திருப்பிய அகச்சிவப்பு எங்கே போகும்? லென்ஸில் பட்டு மீண்டும் உள்ளே வந்து, விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையமாக நிற்கும். உறிஞ்சினால் அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

வெளுப்பதைப் பற்றி என்னிடம் வாதாட வேண்டாம், நானே பட்டிருக்கிறேன். ஒருமுறை சாயம் கலந்த பசையைப் புற ஊதா விளக்கில் இறுக்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டும் அளந்து, முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது என்று மகிழ்ந்து நாற்பது கண்ணாடிகளை அனுப்பினேன். தெளிவுக்குக் காரணம் சாயம் செத்துப் போனதுதான். பசை இறுகும்போது பிறக்கும் ரேடிக்கல்கள், அதாவது எதோடும் உடனே வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள், அதைத் தின்றுவிட்டன. நாற்பதும் திரும்பி வந்தன. அதன் பிறகு முன்கூட்டியே இறுகிய தாள் வடிவப் பசையைத்தான் பயன்படுத்துகிறேன்; அதுவும் அமிலம் இல்லாத வகை.

கேள்வி (உடுமலை): இது புதுக் கண்டுபிடிப்பா?

பதில்: இல்லை. பிளாஸ்மா டிவியின் செனான் வாயு 800 முதல் 1000 நானோமீட்டர் வரை உமிழ்ந்து ரிமோட்டுகளைக் குழப்பியதால், அதன் முன்வடிகட்டியில் இத்தகைய பசை இருந்தது. பானசோனிக் 2013 இறுதியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. பசைக்குக் கேமராப் பக்கம் வேலை கிடைத்தது.

கேள்வி (கோபி): ஐயா, நல்ல பிராண்ட் பெயர் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதேதான்.

மூன்றாம் முறை பீளமேடு: சரி அண்ணா, இரண்டிலும் ஒரு மாதிரி செய்து சோதித்துவிடலாமா?

பதில்: செய்யலாம். 85 பாகை செல்சியஸ், 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் வையுங்கள். வைப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும் 400 முதல் 1100 வரை முழுக்க அளக்க வேண்டும். ஏறக்குறைய 42 நாள் ஆகும். அதுவரை பிராண்ட் கேட்டு யாரும் எழுத வேண்டாம்.