நட்சத்திரத்துக்குள் போய்ப் பார்த்தது யார்?

கேள்வி: ‘தங்கம், ஈயம் எல்லாமே நட்சத்திரத்தில் உண்டானவை’ என்று என் பேத்தி பாடம் ஒப்பிக்கிறாள். யார் போய்ப் பார்த்தார்களாம்?
– வாசகி, காரைக்குடி

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. முப்பது வருஷம் வேதியியல் நடத்தினேன். இப்படிக் கேட்ட பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

போக வேண்டியதில்லை, வெளிச்சம் நம்மிடம் வருகிறதே! அதை நிறம் நிறமாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டும். 1952-ல் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பால் மெரில் என்ற வானியலாளர் சில சிவப்பு நட்சத்திரங்களின் ஒளியில் டெக்னீசியம் என்ற தனிமத்தின் கோடுகளைக் கண்டார். தனிம அட்டவணையில் வெகுகாலம் காலியாகக் கிடந்த 43-வது கட்டம் அது. 1937-ல்தான், அணுத்துகள்களைச் சுழற்றி வேகமேற்றும் சைக்ளோட்ரான் கருவியில் அடிபட்ட, மாலிப்டினம் என்ற உலோகத்தின் தகட்டில் அதை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். நிலைக்காத தனிமம். அதில் நீண்ட ஆயுள் கொண்ட வகைகூட சுமார் 42 லட்சம் ஆண்டுகளில் பாதியாகிவிடும். அந்த நட்சத்திரங்களின் வயதோ அதைப்போலப் பல மடங்கு. பிறக்கும்போதே இருந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். அப்படியென்றால் அங்கேயே, புதிதாக உண்டாகிறது!

எப்படி? மாலிப்டினத்தின் அணுக்கரு ஒரு நியூட்ரானை விழுங்குகிறது. சில நாளில் உள்ளே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாற, புரோட்டான்களின் எண்ணிக்கை, அதாவது அட்டவணையின் கட்ட எண், 42-லிருந்து 43 ஆகிவிடுகிறது. இப்படி நிதானமாகப் படிப்படியாக ஏறி ஈயம் வரை போகலாம்.

போன வருஷம் எனக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். கவசம் போட்ட சிரிஞ்சில் வந்ததும் டெக்னீசியம்தான். ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் வகை. ஊசி போட்டபின் தண்ணீர் குடித்துக்கொண்டே மூன்று மணி நேரம் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலும் அது மாலிப்டினம் சிதைந்துதான் கிடைக்கிறது. நட்சத்திரத்துக்குள் நடக்கும் அதே படியில் பிறந்த பொருள், என் முழங்கை நரம்புக்குப் பக்கத்திலேயே! அன்று முழுக்க மெரிலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கத்துக்கு இந்த நிதானம் போதாது, நியூட்ரான்கள் வெள்ளமாகப் பாய வேண்டும். 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் (பெரிய நட்சத்திரங்கள் வெடித்தபின் மிஞ்சும் இறுகிய கருக்கள்) மோதிய சேதி 2017 ஆகஸ்ட் 17 அன்று நமக்கு வந்து சேர்ந்தது. அந்த வெளிச்சம் சில நாளிலேயே நீலம் மாறிச் சிவந்தது. நீல ஒளியை மறைக்கும் கனமான தனிமங்கள் அங்கே திரண்டதற்கு அதுதான் சாட்சி.

பேத்தியிடம் அட்டவணையைக் கொண்டுவரச் சொல்லி, முதலில் 43-ஐக் காட்டச் சொல்லுங்கள் அம்மா.