ஜமைக்கா, ரத்தம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குக் கிங்ஸ்டனில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 28 லட்சம் பேர் வாழும் ஜமைக்காவில் ஆண்டுக்கு ஆயிரம் கொலைகளுக்கு மேல் நடந்ததாகப் படித்தேன். அந்த மக்களின் ரத்தத்திலேயே வன்முறை இருக்கிறது என்கிறார்கள் உறவினர்கள். அவனை அனுப்பலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெற்ற மனதின் அச்சம் எனக்குப் புரிகிறது. அனுப்புவதா என்பதை அங்கே படிக்கும் மாணவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் 'ரத்தம்' என்ற சொல்லை இனி உங்கள் வீட்டில் எவரும் சொல்ல விடாதீர்கள். 2023-இல் அங்கே 1,390 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 2025-இல் அந்த எண்ணிக்கை 700-க்கும் கீழே வந்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில் ஒரு மக்களின் ரத்தம் மாறிவிடுமா? படித்தவர்கள் இப்படிப் பேசுவது வெட்கக்கேடு.

ஃபுளோரிடாவிலிருந்து கடத்திவரப்படும் துப்பாக்கிகளைப் பற்றியும் போதைப்பொருள் வணிகத்தைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இந்த வன்முறைக்குக் காரணமாக எனக்கு முதன்மையாகப் படுவது வீடு. 1960-களில் மேற்கு கிங்ஸ்டனின் பேக்-ஓ-வால் என்ற குடிசைப் பகுதி இடித்துத் தள்ளப்பட்டது. அந்த இடத்தில் தொகுதி உறுப்பினரும் அமைச்சருமான எட்வர்ட் சியாகா எழுப்பிய டிவோலி கார்டன்ஸ் குடியிருப்பு, அவருடைய தொழிலாளர் கட்சியின் ஆதரவாளர்களுக்கே போய்ச் சேர்ந்தது. 1970-களில் ஆட்சியிலிருந்த மக்கள் தேசியக் கட்சி, ஆர்னெட் கார்டன்ஸில் அதையே தன் ஆட்களுக்குச் செய்தது. கட்சி தோற்றால் கூரை போய்விடும் என்ற நிலையில் வாழ்பவனுக்குத் தேர்தல் என்பது உயிர்ப் பிரச்சினை. அவன் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது எளிது. 1980 தேர்தல் ஆண்டில் 800-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பிற்பாடு அரசியல்வாதியின் பணத்துக்குப் பதிலாகப் போதைப்பொருள் பணம் வந்தபோது, 'டான்' என்று அழைக்கப்படும் உள்ளூர்த் தலைவர்கள் அரசியல்வாதிகளையும் மிஞ்சி வளர்ந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரைப் பிடிக்க 2010 மே மாதம் டிவோலிக்குள் படை நுழைந்தபோது, சுமார் 70 பேர் இறந்தார்கள்.

2011 டிசம்பரில், பொதுத்தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு நான் கிங்ஸ்டனில் இருந்தேன். ஆரஞ்சுச் சட்டை அணிந்து வாடகை வண்டியில் ஏறிய என்னைத் திரும்பிப் பார்த்த ஓட்டுநர், மேற்குப் பக்கம் போவதென்றால் மேலே வேறெதையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஆரஞ்சு மக்கள் தேசியக் கட்சியின் நிறம். அங்கே தொழிலாளர் கட்சியின் பச்சை ஆள்கிறது. அவரே தன் பழைய ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். வழியில் துருப்பிடித்த தகர வேலிகள் இரு பக்கமும் நீளும் ஒரு சிறு தெருவைக் காட்டி, தன் தாய் இந்தப் பக்கமும் சித்தி அந்தப் பக்கமும் குடியிருந்ததாகச் சொன்னார். நடந்தால் நாற்பது அடி இருக்காது. 1980-க்குப் பிறகு அக்காளும் தங்கையும் அந்தத் தெருவைக் கடக்கவே இல்லை. சித்தி இறந்தபோது அவருடைய தாய் வேலியின் இடுக்கு வழியாகத்தான் சவப்பெட்டி போவதைப் பார்த்தாராம்.

மகன் போய்ச் சேர்ந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.