இரவில் உறைந்துபோகும் பழைய பைத்தான் நிரல்

கேள்வி: பைத்தான் 2.7-இல் எழுதிய நிரல் ஒன்று, இரவுதோறும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி (வேறு கணினியிலுள்ள செயலை நெட்வொர்க் வழியாக அழைக்கும் முறை) வழியாகக் கிளை சர்வரிலிருந்து சரக்கு இருப்பைப் படித்து வருகிறது. வாரத்தில் ஓரிரு நாள் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் நின்றுவிடுகிறது; காலையில் வந்து நாங்கள்தான் நிறுத்துகிறோம். இப்போதைக்குப் பைத்தானை மாற்ற வழியில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அடுத்த முறை உறையும்போது, நிரலை நிறுத்துவதற்கு முன் நெட்வொர்க் இணைப்புகளைப் பட்டியலிடும் ‘எஸ்எஸ்’ கட்டளையை லினக்ஸில் ஓட்டி, அந்த இணைப்பின் நிலையைப் பாருங்கள். ‘சின்-சென்ட்’ என்றிருந்தால் இணைப்பே கிடைக்கவில்லை. பெரும்பாலும் நடுவில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்குகிறது. ஆனால் லினக்ஸ் 6 தடவை மறுபடி தட்டிப் பார்த்துவிட்டு, ஏறத்தாழ 127 விநாடியில் தானே கைவிட்டுவிடும். விடியும்வரை தொங்குகிறது என்றால் நிலை ‘எஸ்டாப்’ என்றுதான் இருக்கும். இணைப்பு கிடைத்தது, பதில் வரவில்லை. மறுமுனையில் மின்சாரம் போயிருந்தாலும், வெறுமனே படிக்கக் காத்திருக்கும் பக்கத்துக்கு அது தெரியவே தெரியாது. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்-அலைவ் தானாக இயங்காது. இயக்கிவிட்டாலும் முதல் சோதனை 7,200 விநாடி கழித்துத்தான்.

பைத்தான் 2.7-இன் எக்ஸ்எம்எல்ஆர்பிசிலிப் நூலகத்தில், சர்வரை அழைக்கப் பயன்படும் சர்வர்ப்ராக்ஸியில் டைம்அவுட் (காத்திருப்புக்குக் கெடு) கொடுக்க இடமே வைக்கவில்லை. சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) மாட்யூலின் ‘செட்டிஃபால்ட்டைம்அவுட்’டை நிரலின் தொடக்கத்தில் 30 என்று அழைப்பது ஒரு வரி வேலை. ஆனால் அதற்குப் பிறகு பைத்தான் திறக்கும் எல்லாச் சாக்கெட்டையும் அது பிடிக்கும். நெடுநேரம் காத்திருக்க வேண்டிய இணைப்பும் 30 விநாடியில் அறுந்துவிடும். சி மொழியில் எழுதிய தரவுத்தள நூலகங்களையோ அது தொடாது.

இதைவிட நல்லது, அதே நூலகத்தில் இணைப்பைக் கவனிக்கும் ‘டிரான்ஸ்போர்ட்’ வகுப்பிலிருந்து ஒரு துணை வகுப்பு எழுதுவது. ‘மேக்_கனெக்‌ஷன்’ முறையை மட்டும் மாற்றுங்கள்: தாய் வகுப்பின் முறையை அழையுங்கள், அது தரும் இணைப்பின் ‘டைம்அவுட்’ பண்பில் 30 வையுங்கள், அந்த இணைப்பையே திருப்பிக் கொடுங்கள். பிறகு சர்வர்ப்ராக்ஸியை உருவாக்கும்போது ‘டிரான்ஸ்போர்ட்’ என்ற இடத்தில் உங்கள் வகுப்பிலிருந்து உருவாக்கிய ஒரு பொருளை (இன்ஸ்டன்ஸ்) தாருங்கள். எச்டிடிபிஎஸ் என்றால் ‘சேஃப்டிரான்ஸ்போர்ட்’ வகுப்பை எடுங்கள். பலர் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: 2.7-இல் இவை பழைய பாணி வகுப்புகள், தாய் வகுப்பை எட்ட ‘சூப்பர்’ போட்டால் டைப்எரர்தான் வரும். தாய் வகுப்பின் பெயரைச் சொல்லியே அழையுங்கள்.

இந்த 30 விநாடி ஒவ்வொரு வாசிப்புக்கும் தனித்தனி. மொத்த வேலைக்கு அல்ல. சர்வர் 20 விநாடிக்கு ஒரு பைட் அனுப்பிக்கொண்டிருந்தால் டைம்அவுட் ஒருபோதும் வராது. சர்வர் பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் பெயர்த் தேடலும் இதற்குள் அடங்காது. அதனால் நிரலை இரவுதோறும் தானாக ஓட்டும் க்ரான் வரியில் நிரலுக்கு முன்னால் லினக்ஸின் ‘டைம்அவுட்’ கட்டளையை 900 விநாடி கொடுத்துச் சேர்த்துவிடுங்கள். கெடு தாண்டினால் அது நிரலை நிறுத்தி 124 என்ற வெளியேற்ற எண் தரும். அதைப் பார்த்து எச்சரிக்கை அனுப்பலாம்.

இருப்பைப் படிப்பது மட்டும்தான் வேலை என்பதால், டைம்அவுட் வந்தால் ஒரு நிமிடம் விட்டுத் தயங்காமல் மறுபடி கேட்கலாம். இதே வகுப்பை ஆர்டர் பதியும் நிரலில் போடுவதாக இருந்தால் கவனம்: பதில் வராவிட்டாலும் ஆர்டர் அங்கே பதிவாகியிருக்கலாம். ஆர்டர் எண்ணைத் தேடிப் பார்த்த பிறகே மறுபடி அனுப்புங்கள்.