புது பேட்டரி போட்டும் அணையாத சிவப்பு விளக்கு

கேள்வி: எங்களுடையது பதினொரு வருடப் பழைய பெட்ரோல் கார். போன மாதம் இரவில் ராஜபாளையத்திலிருந்து திரும்பும்போது, பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரி கடையில் "நாலு வருஷம் ஆகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்றார்கள். மாற்றினேன். மூன்றாம் நாளே மறுபடி எரிகிறது. ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு சிக்னலில் நின்றால் எரிகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடுகிறது. இப்படியே ஓட்டலாமா?
- ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: அம்மா, உங்கள் பழைய பேட்டரியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. செய்யாத தப்புக்கு வெளியே போயிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அந்த விளக்கில் பேட்டரி படம் போட்டதுதான் வினை. அது பேட்டரி கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை, பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை என்று சொல்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை, மோட்டார் ஏற்றவில்லை என்றால் யாராவது புதுத் தொட்டி வாங்குவார்களா? காரில் அந்த மோட்டாரின் வேலையைச் செய்வது ஆல்டர்னேட்டர். நம் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகள் இன்னும் 'டைனமோ' என்பார்கள்.

முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். 20 வோல்ட் டிசியில் வைத்து, காலையில் வண்டியை எடுக்கும் முன் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் தொடுங்கள். 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12-க்குப் பக்கத்தில் என்றால் கிட்டத்தட்டக் காலி. அப்புறம் ஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். 13.8-லிருந்து 14.5-க்குள் ஏற வேண்டும். இப்போது ஹெட்லைட், ஏசி எல்லாம் போடுங்கள். 13-க்குக் கீழே இறங்கி, மிதித்தால் ஏறுகிறது என்றால் உங்கள் சிவப்பு விளக்கு சொல்வது உண்மை. 15-ஐத் தாண்டினால் அது வேறு நோய்: வோல்டேஜை எல்லைக்குள் வைத்திருக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதித்து அழுகிய முட்டை வாடை வரும்.

எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆல்டர்னேட்டரைச் சுற்றவைக்கும் பெல்ட்டைப் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா, உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா? மழை நாளில் ஸ்டார்ட் செய்ததும் 'கிரீச்' என்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. அடுத்து டெர்மினல், அதாவது பேட்டரி முனை. வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துத் தேய்த்துக் கழுவி, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில்.

பேட்டரி நெகட்டிவை பாடியோடும் எஞ்சினோடும் இணைக்கும் எர்த் வயரை யாரும் பார்ப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் பார்த்ததில்லை. கடை போட்ட புதிதில் ஒரு வாடகை வண்டிக்கு ஆல்டர்னேட்டரை இரண்டு முறை பிரித்து மாட்டினேன், விளக்கு அணையவே இல்லை. கடைசியில் பார்த்தால், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் துரு. உப்புத்தாளை வைத்து ஐந்து நிமிடம் தேய்த்ததும் சரியாகிவிட்டது. அந்த இரண்டு முறைக்கும் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் மீட்டரிலேயே பார்த்துவிடலாம்: வண்டியை நிறுத்திவைத்து, எஞ்சின் மட்டும் ஓடும்போது லைட்டைப் போட்டு, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வையுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கையும் சேலையும் போகக் கூடாது. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு.

இவையெல்லாம் சரியாக இருந்தால் என் சந்தேகம் ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் மேல். மிதித்தால் அணைகிறது என்கிறீர்களே, பிரஷ் தேய்ந்த வண்டியில் அப்படி நடப்பதுண்டு. ஆல்டர்னேட்டரின் கரண்டை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் டயோடுகளில் ஒன்று போயிருந்தாலும் நடக்கும். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம், "பிரஷ், ரெகுலேட்டர் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அதற்காக முழு ஆல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டியதில்லை. மாற்றினால் பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, "எஞ்சின் நிற்கிறதா பார்ப்போம்" என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். நாங்களும் அந்தக் காலத்தில் செய்ததுதான். இன்றைய வண்டியில் வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டர் பெட்டியே போய்விடும்.

ஓட்டலாமா? பகலில், ஏசியும் பாட்டும் இல்லாமல், பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம். வழியில் எஞ்சினை நிறுத்தாதீர்கள், மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். இரவில் வேண்டாம். ஹெட்லைட் இரண்டு மட்டுமே 9 ஆம்பியர் இழுக்கும். சின்னக் காரில் இருப்பது 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, அதாவது நிறைந்திருந்தாலும் அந்த விளக்குகளுக்கு மட்டுமே நாலு மணி நேரம்கூடத் தாங்காது. விளக்கோடு டெம்பரேச்சர் முள்ளும் ஏறினாலோ, ஸ்டியரிங் திடீரென்று கனத்தாலோ பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. அந்த இடத்திலேயே ஓரங்கட்டி நிறுத்துங்கள், நூறு மீட்டர்கூட வேண்டாம்.

கேள்வி: என் 1998 மாடல் வண்டியில் சாவியைத் திருப்பினால்கூட பேட்டரி விளக்கு எரிவதே இல்லை. சார்ஜ் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லை ஐயா. ஸ்டார்ட் செய்யும் முன் அது கட்டாயம் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். பல்பு போயிருக்கலாம். அந்தக் கால வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும் முதல் கரண்டே அந்த பல்பு வழியாகத்தான் போகும். பல்பு போனால், நன்றாக மிதித்த பிறகுதான் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும், சிலசமயம் ஏறவே ஏறாது. அதே வாட்ஸில் பழைய மாதிரி இழை பல்பே போடுங்கள். அழகாக இருக்கிறதென்று எல்இடி போட்டால் அதன் வழியே போகும் கரண்ட் போதாது.