தானே சுருதி சேரும் கிட்டாரில் ஜி தந்தி மட்டும் இறங்கினால்

தானே சுருதி சேரும் உங்கள் கிட்டாரின் மோட்டாரைக் கழற்றி, சாதாரண ட்யூனிங் கீ (கையால் திருகித் தந்தியை முறுக்கும் திருகு) போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போட்டாலும் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் போகாது. சுருதி சரியாகச் சேர்ந்து, பெண்டிங் (தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது) செய்ததும் ஜி தந்தி (மெல்லியதிலிருந்து மூன்றாவது) மட்டும் சுருதி இறங்குகிறது என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் தந்தி நட்டின் (கழுத்தின் தலைமுனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) பள்ளத்தில் சிக்குகிறது.

சோதிக்க: பெண்டிங் செய்து சுருதி இறங்கியதும், நட்டுக்கும் ட்யூனிங் கீக்கும் இடையே உள்ள தந்தியை விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். 'டிக்' என்று ஒலித்துச் சுருதி ஏறினால் நட்தான் காரணம். தந்தியைத் தளர்த்தி, பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

போதாவிட்டால் பள்ளத்தை அராவ வேண்டும். அதைப் பழகிய கையிடம் விடுங்கள். ஆழம் கூடினால் தந்தி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) உரசி இரையும், அப்புறம் நட்டையே மாற்ற வேண்டிவரும். புதுத் தந்தி என்றால் முதலில் நன்றாக இழுத்துவிடுங்கள்.

தானியங்கி, சாதாரண கீ இரண்டில் எது மேல் என்றும் கேட்டிருந்தீர்கள். கிட்டார் நிறுவனமான கிப்சன் 2015-இல் பெரும்பாலான மாடல்களில் தானியங்கியையே பொருத்திவிட்டு, 2016-இல் மரபான கீ உள்ள வரிசையையும் தந்தது. பாட்டுக்குப் பாட்டு டிராப் டி, ஓபன் ஜி என வெவ்வேறு சுருதி அமைப்புக்கு மாறுபவருக்குத் தானியங்கி பெரிய வரம். ஒரே சுருதியில் வாசிப்பவருக்கு நல்ல சாதாரண கீயே என் தேர்வு.