ஒரு வெடி, மூன்று சத்தம்

அன்பின் ஐயா,

நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கிறோம். 1940ஆம் ஆண்டு, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். இன்ஸ்பெக்டர் ரிவால்வரால் ஒரு தொழிலாளியைச் சுடுகிறார். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது தெறித்து விழ, லயத்துச் சிறுமி ஒருத்தி பொறுக்கி ஒளித்து வைக்கிறாள். சுடப்பட்டவர் தூக்கி எறியப்பட்டுக் கானுக்குள் விழுகிறார். லயத்து ஆட்கள் ஓடிவந்து, சத்தம் வந்த பக்கம் கை காட்டுகிறார்கள். பிறகு வரும் கொலைக்கு ரிவால்வரில் சைலன்சர் மாட்ட எண்ணம். துவக்கு விஷயம் பிழை என்கிறார் நண்பர். இதையெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள்?

அன்பின் தம்பி,

சைலன்சரை விட்டுவிடுங்கள். ரிவால்வரின் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி உண்டு. புகையும் சத்தமும் அந்த வழியாக வெளியேறிவிடும்.

ரிவால்வர் கோதைத் துப்பவும் செய்யாது. சுட்ட கோது சிலிண்டருக்குள்ளேயே கிடக்கும். உங்கள் காலத்துக்கு வெப்லி என்ற பிரிட்டிஷ் ரிவால்வர் பொருந்தும். இடப்பக்கத் தாழ்ப்பாளைப் பெருவிரலால் அழுத்தினால் குழல் முன்னால் மடியும். நட்சத்திர வடிவத் தகடொன்று ஆறு கோதுகளையும் ஒன்றாக மேலே தூக்கும். ஆகவே சிறுமிக்குக் கோது கிடைக்கவேண்டியது சுட்ட இடத்தில் அல்ல, இன்ஸ்பெக்டர் மறுபடி தோட்டா போட்ட இடத்தில். ஓடைப் பாலத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள். கோதின் அடியில், நடுவட்டத்தில், ஊசி குத்திய சின்னப் பள்ளம் இருக்கும். சுடாத தோட்டாவில் அது இருக்காது. அவள் விரல் அந்தப் பள்ளத்தைத் தடவட்டும்.

மனிதர் பறக்கமாட்டார். வெப்லியின் 13 கிராம் சன்னம், அதாவது தோட்டாவிலிருந்து பாயும் குண்டு, விநாடிக்குச் சுமார் 190 மீட்டரில் வந்தாலும், 50 கிலோ உடம்பை அது தள்ளும் வேகம் விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர்தான். அவர் நின்ற இடத்திலேயே மடிந்து விழுவார்.

இனி, லயத்து ஆட்கள் எல்லாரும் ஒரே பக்கம் கை காட்டும் காட்சி. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மலைநாட்டில் வெடிச்சத்தம் அப்படி வருமா? ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். எதிர்மலை 340 மீட்டர் தள்ளியிருந்தால் சத்தம் போய் மோதித் திரும்ப இரண்டு விநாடி. பக்கத்திலிருப்பவருக்கு ஒரே வெடி இரண்டு வெடி. பள்ளத்தில் இன்னொரு சரிவு இருந்தால் மூன்று. சுட்ட இடத்துக்கும் லயத்துக்கும் நடுவே மலைத்தோள் மறைத்தால் நேர்ச்சத்தம் மங்கிவிடும். எதிர்ச்சரிவில் பட்டு வருவதுதான் பெரிதாய்க் கேட்கும். அந்த வீட்டார் எதிர்மலையைத்தான் காட்டுவார்கள். மழை தகரத்தில் கொட்டும்போது உள்ளே இருந்தவருக்கு எதுவுமே கேட்டிருக்காது.

கொன்ஸ்டபிளின் .303 ரைபிள் என்றால் இன்னும் சிக்கல். அதன் சன்னம் விநாடிக்கு 740 மீட்டர், ஒலியை முந்தி ஓடும். சன்னம் போகும் வழிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு முதலில் தலைக்குமேல் சாட்டை சொடுக்கினதுபோல் ஒரு சத்தம், அப்புறம் துவக்கு வாயிலிருந்து வரும் ‘தும்’. சுட்டவருக்குப் பின்னால் நிற்பவருக்கு அந்தச் சொடுக்கு கேட்காது. வெப்லியின் சன்னம் ஒலியைவிட மெதுவானது. அதற்குச் சொடுக்கே இல்லை.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால், தோட்டத்து ஆட்கள் பொய்ச்சாட்சி என்று எழுதி மூடுவது சுலபம். மூவரும் கேட்டதைத்தான் சொல்லியிருப்பார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த ஆண்டு எது தம்பி? அந்த 1940 ஜனவரியில்தான் முல்லோயா தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் உயிரிழந்தார். அதை விசாரிக்க ஆணைக்குழு வைத்தார்கள். அந்த ஆண்டை எடுத்துக்கொண்டு ‘யார் கவனிக்கப்போகிறார்கள்’ என்று கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சாட்சிக்காரர்களை நம்பவைக்கவேண்டிய படத்தில் சத்தத்தையே பொய்யாக வைப்பீர்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன். உங்கள் சிறுமி நல்ல பாத்திரம், அவளைக் கைவிடாதீர்கள். கணினியில் கிடைக்கும் வெடிச்சத்தம் வேண்டாம். பொலிஸுக்கும் தோட்டத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒரு பட்டாசைக் கொளுத்துங்கள். ஒலிவாங்கிகளை லயத்து வாசலில் ஒன்று, ஓடைக்கரையில் ஒன்று, மலைத்தோளுக்கு அப்பால் ஒன்று என்று வையுங்கள். அந்தந்தச் சாட்சி பேசும்போது அந்தந்த இடத்துச் சத்தத்தையே போடுங்கள். கையில் பிடிக்க மரத்தில் கடைந்து கறுப்புப் பூசிய துவக்கு போதும். வெறுந்தோட்டா வேண்டவே வேண்டாம். சன்னம் இல்லாவிட்டாலும் கிட்டத்தில் அது ஆளைக் கொல்லும்.